மாசி மழையும் வேதக்கோயில் தரையும்

இந்த வாரம் நீங்கள் ஊழியத்துக்காக ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போகிறீர்கள். ஒருவருக்குக் காரியாபட்டிப் பக்கம், ஒருவருக்குத் திருச்சுழியைத் தாண்டி, இன்னொருவருக்கு பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேலும் நடக்க வேண்டிய ஊர். போவதற்கு முன் வந்து, "அண்ணே, சீஷனா வாழ்றதுன்னா என்னன்னு நாலு வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள். நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தொண்டை இல்லை. மைக் இல்லாத ஊர்களில் கத்திக் கத்தியே குரல் தடித்துப்போய், வயதாவதற்கு முன்பே சபை என்னை ஓய்வில் அனுப்பிவிட்டது. இப்போது நான் பேசினால் பனையோலையைக் காற்று உரசுகிற மாதிரி இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

ஆராதனையை எப்படி நடத்துவது, அடக்கத்துக்கு எந்தப் பாட்டு, வீடு சந்திக்கப் போனால் எவ்வளவு நேரம் உட்காருவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. ஒரு மழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உபதேசியாராக இருந்த காலத்தில் நான் எத்தனையோ பிரசங்கம் செய்தேன். ஒன்றும் என் நினைவில் இல்லை. அந்த மழை இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மழை பெரும்பாலும் பேச்சில்தான் பெய்யும். கண்மாய் இருக்கும், மடை இருக்கும், கலுங்கு இருக்கும்; தண்ணீர் ஒன்றுதான் ஊருக்கு வராது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் நிற்கும். அதை வெட்டிக் கரிக்கு மூட்டம் போட்டு எரிப்பார்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலிருந்து புகை எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நான் பல சாயங்காலங்களில் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் மாசி பிறந்ததும் ஊர் போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றை ஊதியது. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் குடத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் தூங்கினார்கள். சபைப் பெண்கள் ஆராதனை முடிந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மழைக்காக உபவாச ஜெபம் வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தோம். சபை மூப்பர் ஞானமுத்து, பாளையம்பட்டியில் இரும்புக் கடை வைத்திருப்பவர், தன் செலவில் ஒரு ஃபிளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் கட்டினார். மழைக்காக உபவாச ஜெபம், அனைவரும் வருக. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோரும் அதைப் படித்தார்கள்.

இதில் ஒரு விஷயம் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் சபையில் அப்போது வெள்ளாமை செய்கிறவர் ஒருவரும் இல்லை. மில்லுக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காலையில் பஸ் ஏறுகிறவர்கள். குழாயில் தண்ணீர் வந்தால் எங்களுக்கு அதுதான் மழை. ஊரை இரண்டாகப் பிரிக்கிற ஓடைக்கு அந்தப் பக்கத் தெருவிலோ மாசி மாதம் என்றால் மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப் போட்டிருக்கும் மாதம். பழம் வத்தலாகிற வரைக்கும் அந்தத் தெரு வானத்தில் ஒரு பொட்டு மேகத்தைக்கூடப் பொறுக்காது. மழைக்காக அவர்கள் ஐப்பசியில் ஏங்குவார்கள். மாசியில் பயப்படுவார்கள்.

உபவாசத்தின் கடைசி நாள் மத்தியானம் கிழக்கே கறுத்தது. காற்று ஒரு தரம் புழுதியை வாரி எங்கள் முகத்தில் அடித்தது. அப்புறம் பெய்தது. பெய்தது என்று எழுதினால் போதவில்லை. மண் வாய் திறந்து சத்தமாகக் குடித்தது. சபையார் முற்றத்துக்கு ஓடி நனைந்தார்கள். நானும் நனைந்தேன். ஞானமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சாட்சி உபதேசியாரே, இது சாட்சி. வர்ற ஞாயித்துக்கெழம நான்தான் சொல்வேன்" என்றார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெண் உள்ளே வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்து, முந்தானையில் எதையோ சுருட்டிப் பிடித்திருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சியம்மாள். முந்தின வருஷம் வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் பழம் பறித்தவர். அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்துத் தானே மிளகாய் போட்டிருந்தார். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் லோடு வண்டி ஓட்டுகிறார். முந்தானையை விரித்தார். பழம். நல்ல சிவப்பு, உள்ளங்கையில் ஒட்டுகிற ஈரம்.

"இந்த மழையை நீங்கதான் கேட்டு வாங்குனீகளா?"

முந்தானைப் பழத்தை எங்கள் பக்கம் நீட்டினார்.

"பஸ் ஸ்டாப்புல போர்டு போட்டிருக்கீக. நான் படிச்சேன். கேட்டது கேட்டீக, ஒங்க சாமிட்ட எந்த மாசம்னு சொல்ல மாட்டீகளா? ஐப்பசியில எங்கன போனீக இத்தன பேரும்?"

எனக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "சொல்லுங்க சார். ஒங்க சாமி பெய்யச் சொன்னதா, இல்லியா?"

தம்பிகளா, தங்கச்சிகளா, இப்படி ஒரு கேள்வியை உங்களிடம் ஒரு நாள் யாராவது கேட்பார்கள். ஆமாம் என்றால் அந்தம்மாவின் வெள்ளாமையை அழித்தவன் நான். இல்லை, மழை தானாக வந்தது என்றால் இத்தனை நாளும் பட்டினி கிடந்து யாரிடம் கேட்டோம்? இரண்டு பதிலுக்கும் என்னிடம் வசனம் இருந்தது. எந்தக் கேள்விக்கும் வசனம் வைத்திருப்பதுதானே நம் தொழில். நான் அவருடைய கையைப் பார்த்தேன். பழத்தை விட்டுவிடாமல் அப்படியே ஏந்திக்கொண்டிருந்தது.

"மிச்சப் பழம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"களத்துல குமிச்சுத் தார்ப்பாயப் போட்டு மூடிருக்கேன். குமிஞ்சு கெடந்தா சூடேறி உள்ளுக்குள்ளயே வெந்துரும். விடியுறதுக்குள்ள பரப்பியாகணும். சமுதாயக் கூடத்துல மொதல்ல ஓடுனவுக போட்டுட்டாக. ரேசன் கடைத் தாழ்வாரமும் ரொம்பிருச்சு. எங் காடு தூரம். நான் வந்து சேர எடமில்ல."

நான் திரும்பி ஆலயத்தைப் பார்த்தேன், அவர்கள் வாயில் வேதக்கோயில். முந்தின வருஷம் ஞானமுத்து தன் மனைவி ரோஸ்லின் நினைவாகத் தரை முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். வாசலில் அந்தம்மாவின் பெயர் பதித்த கல். ஊரிலேயே அகலமான, ஒழுகாத, காய்ந்த தரை அதுதான். என் பார்வை போன இடத்தை ஞானமுத்து கண்டுகொண்டார்.

"வேணாம் உபதேசியாரே. அது ஆலயம்." பிறகு என் காதோடு, "ரோஸ்லின் பேருல போட்ட தரை. கறை பிடிச்சா போகாது" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சனிக்கிழமைதோறும் அவரே முட்டிபோட்டு அந்தத் தரையைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். துடைக்கும்போது பேசிக்கொண்டே துடைப்பார், அந்தம்மாவிடம் பேசுகிற மாதிரி.

"அண்ணாச்சி, மழை கேட்டது நாம. நனைஞ்சது அவுக. ரோஸ்லினம்மா இருந்திருந்தா இந்நேரம் நம்மட்ட கேட்டுக்கிட்டா நிப்பாக?"

 ஞானமுத்து உள்ளே போய் முதல் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு ஆள் வரக் காத்திருந்தார்.

இடம் கிடைத்தது என்று நினைத்தேன். பேச்சியம்மாள் படியேறவில்லை.

"வேதக்கோயிலுக்குள்ள நான் வத்தலப் போட மாட்டேன்" என்றார்.

"ஏன்மா?"

"போட்டா, பேச்சி வேதத்துல சேந்துட்டான்னு சொல்லுவீக. ஒங்க ஆளுக கஷ்டத்துக்கு அரிசி குடுத்துட்டு அப்பறம் என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியாதா? எங்க சின்னாத்தா வீட்டுக்கு அப்பிடித்தான் வந்தாக. ஒரு மூட அரிசி. பின்னாடியே ஒரு போட்டோ."

அந்த அரிசி எந்தச் சபை கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் கொடுக்கிற கையில் தூண்டில் இருக்கிறதா என்று வாங்குகிறவர்களுக்கு எப்போதும் தெரிந்துவிடும்.

"ஜெபம் பண்ண மாட்டேன்" என்றேன். "போட்டோ எடுக்க மாட்டோம். ஞாயித்துக்கெழம ஒங்க கதையச் சொல்ல மாட்டேன். காய்ஞ்சதும் அள்ளிட்டுப் போங்க."

"சத்தியமா?"

நம்மில் சத்தியம் செய்கிற பழக்கம் இல்லை. "சொன்னா சொன்னதுதான்மா" என்றேன்.

அன்றைக்கு இருட்டுகிறவரை மழைக்குள் மூடை சுமந்தோம். சபைப் பெண்கள் ஓடையில் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். வெள்ளைத் தரை ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது. பீடத்துக்கு அருகில் வந்ததும் பேச்சியம்மாள் நின்றுவிட்டார். "இது சாமி எடம். இங்கன நான் மெதிக்க மாட்டேன்" என்று தானே எல்லை போட்டுக்கொண்டார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்த இடத்தில் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறார்கள்.

அடுத்த நாளும் மேகமூட்டம் விலகவில்லை. ஆலயத்துக்குள் நுழைந்தால் மூக்கும் கண்ணும் ஒழுகின. ஞானமுத்து கடையைப் பூட்டிவிட்டு, யாரும் கேட்காமலே நாலைந்து டேபிள் ஃபேனை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பேச்சியம்மாள் காலால் தேய்த்துத் தேய்த்துப் பழத்தைப் புரட்டிவிடுவதைப் பார்த்து அவரும் வேட்டியை மடித்துக்கொண்டு புரட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க நடக்குறதப் பாத்தா காய வைக்கிற மாதிரியில்ல. சட்னி அரைக்கிற மாதிரி இருக்கு."

"எனக்கு இரும்பு தெரியும்மா. மொளகா தெரியாது."

"அப்ப ஓரமா நின்னு ஃபேனப் பிடிங்க."

மனைவி போனபிறகு ஞானமுத்து சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததை நீங்கள் அவருடைய கெட்டதனம் என்று நினைத்துவிடக் கூடாது. சந்தோஷம்தான் அதைச் செய்தது.

மறுநாள் காலை பேச்சியம்மாள் காலிச் சாக்குகளோடு வந்தார். கூட அவருடைய கொழுந்தன் கருப்பசாமி, வீரசோழனுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பேச்சியம்மாள் யாரையும் பார்க்காமல் குனிந்து பழத்தைச் சாக்கில் அள்ளத் தொடங்கினார். வெளியே வானம் இன்னும் சாம்பல் நிறத்தில் தொங்கியது. பழம் பாதிதான் காய்ந்திருந்தது. சாக்கில் கட்டினால் சாயங்காலத்துக்குள் வெந்துவிடும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

கருப்பசாமி போனை நீட்டினார். ஆலயத் தரை முழுக்கச் சிவப்பு, நடுவில் பேச்சியம்மாள் குனிந்திருக்கிறார். படத்துக்குக் கீழே: ஆத்தும அறுவடை. கர்த்தருக்கே மகிமை. சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது, எப்படியோ எங்கெங்கோ போய், வீரசோழன் ஆட்டோ ஸ்டாண்டில் அவருடைய கைக்கு வந்திருந்தது.

"போட்டோ எடுக்க மாட்டோம்னீகளே" என்றார் பேச்சியம்மாள். குரலில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையும்கூட. அந்த உண்மை வாய்வரை வந்தது, விழுங்கினேன். சபை செய்தால் உபதேசியார் செய்ததுதான். இதை நீங்கள் இன்றே மனசில் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்லா இக்கட்டிலும் முதலில் கண்ணில் படுகிற வாசல் நாம் தப்பிக்கிற வாசலாகத்தான் இருக்கும்.

ஃபேனுக்குப் பக்கத்தில் நின்ற ஞானமுத்துவின் முகம் செத்துப்போனது. "நான்தான்மா போட்டேன். சந்தோசத்துல போட்டுட்டேன். இப்பவே அழிச்சிர்றேன்."

"எங்க போயி அழிப்பீக அண்ணாச்சி?" என்றார் கருப்பசாமி. "எங்கண்ணன் போனுக்கே போயிருச்சு. அவன் கோயம்புத்தூர்ல இருந்து கத்துறான், வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு. பங்குனிப் பொங்கலுக்கு அம்மனுக்கு இவுக முளைப்பாரி எடுக்கக் கூடாதுன்னு தெருவுல பேச்சாயிருச்சு. வத்தல் இங்கன கெடக்குற ஒவ்வொரு மணி நேரமும் இவுக வேதக்காரின்னுதான் அர்த்தம்."

பேச்சியம்மாள் நிமிராமல் அள்ளிக்கொண்டிருந்தார். பழத்தை இங்கே விட்டால் வீட்டையும் தெருவையும் இழக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் பழத்தை இழக்க வேண்டும். எதை இழப்பது என்று வரும்வழியிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

நான் ஞானமுத்துவை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். நான் போய்த் தெருவில் பேசினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆள் சேர்ப்பது என் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். எழுதினவர்தான் போக வேண்டும்.

"நீங்க வந்து சொல்லணும் அண்ணாச்சி."

"என்னன்னு?"

"அவுக சேரலைன்னு."

ஞானமுத்து மரத்தில் கைவைத்து நின்றார். "உபதேசியாரே, ஒரு ஆத்துமா ஆண்டவர்ட்ட வரலைன்னு ஊருக்குள்ள போயி என் வாயால சொல்லணுமா? இது அவர மறுதலிக்கிறதில்லையா?"

 நம் ஆட்களுக்கு மறுதலித்தல் என்ற வார்த்தை எவ்வளவு கனமானது என்று உங்களுக்குத் தெரியும். சீஷனே ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன இரவில் சேவல் கூவிய சத்தம் அதற்குள் இருக்கிறது. எனக்கும் நிச்சயமில்லை. நிச்சயம் வரும்வரை காத்திருக்க நேரமுமில்லை. உள்ளே சாக்கு நிறைந்துகொண்டிருந்தது.

"அவர் பேரச் சொல்லி நாம ஒரு பொய்ய விட்டுட்டோம் அண்ணாச்சி" என்றேன். "அதத்தான் திரும்ப வாங்கப் போறோம். அவர இல்ல."

ஞானமுத்து ஓடையை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன். கட்டி முடித்த மூடைகளை ஆலயப் படியிலேயே விட்டுவிட்டுப் பேச்சியம்மாளும் கருப்பசாமியும் வந்தார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஆள் இருந்தது. மழைக்கு வேலை இல்லாத தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. ஞானமுத்து செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆலயத்துக்குள் நுழையும்போது கழற்றுகிற பழக்கம்.

"இந்தம்மா வேதத்துல சேரல" என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னார். "சேரல. எங்களப்பத்தி ஒரு வார்த்த கேக்கல. நாங்களும் ஒண்ணும் சொல்லல. அந்தப் போட்டோவுல நான் எழுதுனது பொய். ஒங்க தெருப் பொண்ணு, வத்தல் காயப் போட வந்துச்சு. அம்புட்டுத்தான்."

கருப்பசாமி தன் அண்ணனைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டார். கோயம்புத்தூரில் லாரிகள் உறுமுவது கேட்டது. ஞானமுத்து போனைக் கையில் வாங்கி, முகம் தெரியாத அந்த மனிதரிடம் அதே வார்த்தைகளை முதலிலிருந்து சொன்னார்.  அந்தப் பக்கத்திலிருந்து, "அவ எங்கிட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

 போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு கருப்பசாமி கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற குரல்.

"அப்ப எதுக்கு அண்ணாச்சி எடம் குடுத்தீக? சேக்கவும் இல்ல, வாடகையும் இல்ல. ஒங்களுக்கு அதுல என்னதான் இருக்கு?"

ஞானமுத்து என்னைப் பார்த்தார். நான் ஊழியக்காரன், நான்தான் சொல்ல வேண்டும். ஆண்டவரின் அன்பு, அயலான், சிலுவை என்று எல்லாம் எனக்குள் வரிசைகட்டி நின்றது. தெருவே காதைத் திறந்து வைத்திருக்கிறது, இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்று எனக்குள்ளிருந்த பிரசங்கி துடித்தான். ஜெபமில்லை, கதையில்லை என்று சொல்லியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் ஊழியத்தில் நான் செய்த கடினமான வேலை அது. அதற்குக் கையெழுத்து வாங்கிச் சம்பளம் தர மாட்டார்கள்.

நான் பேசாததால் ஞானமுத்து யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, தேடித் தேடிப் பார்த்தார். அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

"பழம் நனைஞ்சு போச்சுல்ல" என்றார். "அதான்."

பேச்சியம்மாள் தூறலுக்காகத் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து உதறினார். "ஏப்பா கருப்பசாமி, போயி மூடைய அவுழு. சூடேறிரும்" என்றபடி எங்களுக்கு முன்னால் ஆலயத்தை நோக்கி ஓடையில் இறங்கினார்.

இதை எழுத உட்காருவதற்கு முன், போன வாரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். அன்று கொடுத்த வாக்கை நினைவுபடுத்தி, புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். என் தொண்டையிலிருந்து வந்த காற்றை அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். 

"எழுதுங்க சார்" என்றார். "நான் சேரலைங்கிறதையும் சேத்து எழுதுங்க."